மூச்சின் வழியே ஓர் ஓய்வு: நோயுற்ற காலத்திற்கு ஏற்ற இதமான யோகம்

யோகம் என்றவுடன் தலைகீழாக நிற்பதும், உடலை வில்லாக வளைப்பதுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. அதனால் நோயுற்றவர்கள், 'இது நமக்கு உரியதன்று' என ஒதுங்கிவிடுகின்றனர். ஆனால், பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் ஆசனத்திற்குக் கூறும் இயல்புகள் நிலைத்திருத்தலும் சுகமாயிருத்தலும் மட்டுமே. உடல் எவ்வளவு வளைகிறது என்பது அங்கே அளவுகோலன்று. கட்டிலில் படுத்திருப்பவரும், அருகில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரும் கூட இப்பயிற்சிக்கு உரியவர்களே.

இதமான முறைகள்

சென்னையில் பல்லாண்டுகள் யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரும் அவருடைய மகன் தேசிகாச்சாரும், பயிற்சியை மனிதருக்கேற்ப மாற்றவேண்டும் என்று வலியுறுத்தினர். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார், புனேயில் போர்வை, திண்டு, நாற்காலி ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு, இயலாதவர்களையும் ஆசனங்களில் அமரச் செய்தார். அவ்வழியில் வளர்ந்ததே ஓய்வு யோகம். உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் தலையணை தாங்கலாக இருக்க, ஒரே நிலையில் சில நிமிடங்கள் தளர்ந்திருப்பதே இதன் முறை.

யோக நித்திரை மற்றொரு வகை. படுத்த நிலையில், வழிகாட்டுபவரின் குரலைக் கேட்டபடி கவனத்தை உறுப்பு உறுப்பாக நகர்த்துவது இது. பீகாரின் முங்கேரில் சுவாமி சத்தியானந்த சரசுவதி இதன் இன்றைய வடிவத்தைப் பரப்பினார். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-சின் தொடங்கிய பயிற்சியிலும் மென்மையான யோகமும் தியானமும் இடம்பெற்றன. நாள்பட்ட வலியோடு வாழ்ந்தவர்கள் பலர் அதில் பயின்றனர்.

உடலில் நிகழ்வது என்ன?

வலியும் அச்சமும் மிகும்போது மூச்சு மேலோட்டமாகிறது, தோள்கள் இறுகுகின்றன, இதயம் விரைந்து துடிக்கிறது. இறுகிய தசை வலியை மேலும் கூட்டுகிறது. 'அமைதியாயிரு' என்று கட்டளையிட்டால் மனம் பணிவதில்லை. மூச்சு பெரும்பாலும் பணியும். மூச்சை வெளிவிடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. ஆகவே, வெளிமூச்சை நீட்டினால் உடலை அமைதிப்படுத்தும் நரம்புகள் கூடுதலாக இயங்குகின்றன.

இது நோயை நீக்கும் மருந்தன்று, மருந்துக்கு மாற்றுமன்று. எனினும், நாள்பட்ட இடுப்புவலிக்கு முதலில் முயலத்தக்க மருந்தில்லா வழிகளுள் ஒன்றாக, அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் யோகத்தைச் சேர்த்துள்ளது.

பத்து நிமிடப் பயிற்சி

1. சாய்ந்து அமருங்கள், அல்லது முழங்கால்களுக்கு அடியில் தலையணை வைத்துப் படுங்கள். கண்களை மூடலாம், மூடினால் கலக்கம் மிகுமெனில், திறந்தபடி ஓரிடத்தை நோக்குங்கள்.

2. மூன்று எண்ணும் அளவு மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும் அளவு மெல்ல வெளிவிடுங்கள். அடக்கிப் பிடிக்க வேண்டா. பத்து முறை செய்தால் போதும். திணறினால் இயல்பான மூச்சுக்குத் திரும்புங்கள்.

3. மூச்சை இழுக்கும்போது உள்ளங்கைகளை மேல்நோக்கித் திருப்புங்கள். விடும்போது கவிழ்த்து வையுங்கள். நரம்பூசி பொருத்திய கை அசையாமல் இருக்கட்டும்.

4. பாதம் முதல் நெற்றி வரை ஒவ்வோர் உறுப்பிலும் சில நொடிகள் கவனத்தை நிறுத்துங்கள். வலிக்கும் இடத்தைத் திருத்த முயலாமல், அறிந்து கடந்து செல்லுங்கள்.

5. முடிவில் விரல்களை அசைத்து, பக்கவாட்டில் திரும்பி, சற்று அமர்ந்த பின்னரே எழுங்கள்.

தொடங்குமுன்

அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்குக. கிளாகோமா எனும் கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தலை தாழும் நிலைகளையும், எலும்பு மெலிவு உடையவர்கள் முன்குனிந்து வளைவதையும் தவிர்க்கவேண்டும். நிறைமாதக் கருவுற்றோர் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பது நல்லது. தலைசுற்றலோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே நிறுத்தி, செவிலியரை அழையுங்கள்.

உடனிருப்போருக்கு ஒரு சொல்

மருந்துக்காக வரிசையில் நின்று, உறவினரின் தொலைபேசிக் கேள்விகளுக்கு விடையளித்து, இரவில் தரையில் பாய் விரித்து அரைத்தூக்கம் தூங்கும் உங்களுக்கு ஓய்வு என்பதே குற்றவுணர்வைத் தரலாம். நோயாளி உறங்கும்போது ஐந்து நிமிடம் மூச்சைக் கவனித்து அமர்வது கடமை தவறுவதன்று. தளர்ந்த கைகளால் ஒருவரைத் தூக்கி அமர்த்துவது கடினம். தளர்ந்த மனத்தால் மருத்துவர் சொல்வதை நினைவில் நிறுத்துவதும் கடினம்.

இயன்றால் இருவரும் சேர்ந்தே செய்யுங்கள். ஒருவர் மெல்ல எண்ண, மற்றவர் மூச்சு விடட்டும், பின்னர் மாற்றிக்கொள்ளுங்கள். நோயைப் பற்றி எதுவும் பேசாமல் இருவரும் அருகருகே இருக்க, இந்தச் சில நிமிடங்கள் இடம் தரும்.