இட்லிப்பூச் செடி வெளுப்பது ஏன்?

மலேசியத் தாமான்களில் வீட்டு வேலியோரம் வரிசையாக நிற்கும் குட்டை இட்லிப்பூச் செடியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மலாய்க்காரர்கள் இதைச் சியாந்தான் என்பார்கள். அக்காலத்தில் ஆநிரை கவரச் சென்ற வீரர்கள் சூடிய வெட்சிப் பூவும் இதுவே. ஆண்டு முழுவதும் பசுமை மாறாத செடி என்பதால்தான் பலரும் விரும்பி நடுகிறார்கள். ஆனால், ஓரிரண்டு ஆண்டுகளில் செடி வெளுத்துப் போய்விட்டதே என்ற கவலையும் பலருக்கு உண்டு.

வெளுத்ததும் மூட்டை மூட்டையாக உரம் வாங்கிக் கொட்டுவது வீண் செலவு. முதலில் எந்த இலை வெளுக்கிறது என்று பாருங்கள். அடி இலைகள் மட்டும் மஞ்சளானால் சத்துக் குறைவாக இருக்கலாம், உரம் உதவும். நுனியிலுள்ள இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை.

மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. வீடு கட்டியபோது சிந்திய சிமெண்டும் உடைந்த கல்லும் மேல்மண்ணுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. ஒவ்வொரு மழைக்கும் அவற்றிலிருந்து சுண்ணாம்பு கரைந்து மண்ணில் இறங்குகிறது. இட்லிப்பூவோ அமில மண்ணை விரும்பும் செடி. மண்ணின் பி.எச். அளவு 5-க்கும் 6-க்கும் இடையே இருந்தால் நன்றாக வளரும். அது 7-ஐத் தாண்டினால், மண்ணில் இருக்கும் இரும்பை வேரால் உறிஞ்ச முடியாது. துருப்பிடித்த ஆணியைப் புதைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வதுண்டு. துருவும் அந்த மண்ணில் கரையாதே!

சுவரை ஒட்டிய செடி வெளுத்து, தள்ளியிருக்கும் செடி பச்சையாக இருந்தால் சிமெண்ட் மீதுதான் சந்தேகம் கொள்ள வேண்டும். கல்லையும் சாந்தையும் தோண்டி எடுத்துவிட்டு, மக்கிய இலை உரம் கலந்த மண்ணை நிரப்புங்கள். உடனடித் தேவைக்கு, நர்சரிகளில் கிடைக்கும் சீலேட் வகை இரும்புச்சத்தைக் குறிப்பிட்ட அளவில் கரைத்துத் தெளிக்கலாம். பழைய இலைகள் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம். புதுத் தளிரைப் பார்த்தே பலனைக் கணிக்க வேண்டும்.

செடி பச்சையாக இருந்தும் பூக்கவில்லையா? கிளை நுனியில்தான் மொட்டு வரும். வாராவாரம் கத்தரித்தால் மொட்டும் சேர்ந்தே போய்விடும். பூத்து முடிந்த பிறகு வெட்டுவதே நல்லது. நிழலிலும் பூ குறையும்.

இலைமேல் கரி பூசியதுபோல் இருந்தால், கிளையில் மாவுப்பூச்சியைத் தேடுங்கள். அது கசியவிடும் இனிப்பு நீரில்தான் அந்தக் கரும்பூஞ்சை வளர்கிறது. எறும்பு வரிசையாக ஏறும் கிளையே அதற்கு அடையாளம். தண்ணீர்க் குழாயை வேகமாகப் பீய்ச்சினாலே பாதிப் பூச்சி உதிர்ந்துவிடும்.