கண்ணாடித் தொட்டியிற் கணவாய்

பறவையைக் கூட்டிலும் மீனைத் தொட்டியிலும் வளர்த்து மகிழ்தல் மக்கட்கு நெடுநாளைய வழக்கம். இக்காலத்தில் மேனாட்டார் சிலர் கணவாயையும் தம் இல்லத்து உவர்நீர்த் தொட்டியில் வளர்க்கின்றனர். அஃது எங்ஙனம் இயலும், அதனை மேற்கொள்வார் அறிய வேண்டுவன யாவை என்பனவற்றை ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

நம் கடற்கரையார் ஓட்டுக் கணவாய், ஊசிக் கணவாய் என வேறுபாடு கூறுவர். யாம் கூறப் புகுந்தது முன்னையதே. கரையில் ஒதுங்கிக் 'கடல்நுரை' எனப் பெயர்பெறும் வெண்ணிற ஓட்டினைத் தன் முதுகினுள்ளே உடையது இது. மீனோடு சேர்த்து விற்கப்படினும் இது மீனன்று. நத்தைக்கும் சிப்பிக்கும் உறவான மெல்லுடலி. எட்டுக் கைகளும், இரை கண்டவிடத்து அம்பெனப் பாயும் இரண்டு நீண்ட பற்றுக்கைகளும், மூன்று இதயங்களும் இதற்குண்டு. தோலிலுள்ள நிறப்பைகளை விரித்தும் சுருக்கியும் இமைப்பொழுதில் மணல் போலவும் பாசி போலவும் தோன்றும். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐரோப்பியக் கணவாய்கள் எதிரே கிடைத்த இரையை உண்ணாது, தாம் பெரிதும் விரும்பும் இறாலுக்காக 130 விநாடி வரையும் பொறுத்திருந்தன என அறிகின்றோம். இத்தகைய உயிரைத் தொட்டியில் அடைப்பார்க்குப் பொறுப்பும் பெரிதன்றோ?

எல்லாக் கணவாயும் இல்லத்திற்கு ஏற்றன அல்ல. நம் கடலில் வாழும் பாரோக் கணவாயின் உடல் மட்டுமே 40 சென்டிமீட்டர் அளவும் வளர வல்லது. ஆதலின் வளர்ப்போர் பெரிதும் நாடுவது, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளின் கடல்களில் வாழ்வதும், 1939இல் அறிவியற் பெயர் பெற்றதுமாகிய குறுங்கணவாயையே. இதன் உடல் 7 சென்டிமீட்டர் அளவினது. ஒன்றிரண்டனை வளர்க்க 120 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும்.

இதனைப் பெறுவது எவ்வாறு? வளர்ந்த கணவாயைக் கடலிற் பிடித்து அனுப்புவதுண்டு. ஆனால், அது வழியில் அஞ்சி மையைக் கக்கின், பையின் சிறிதளவு நீரில் அம்மையே அதன் செவுள்களை அடைத்துவிடும். அதன் வயதும் வாங்குவார்க்குத் தெரியாது; ஓராண்டே வாழும் உயிரை அதன் இறுதித் திங்களில் வாங்கினும் வாங்குவர். எனவே முட்டையினின்று தொடங்குதலே சாலச் சிறந்தது. மை தோய்ந்த அம்முட்டைகள் கருந்திராட்சைக் கொத்துப் போலிருக்கும். ஏறக்குறைய ஒரு திங்களிற் பொரிக்கும்.

முட்டை வருமுன்னரே தொட்டி முதிர்ந்திருத்தல் இன்றியமையாதது. கழிவினின்று தோன்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகப் பல வாரங்கள் செல்லும். முன்னைய இரண்டும் நீரிற் சிறிதும் இருத்தலாகாது. ஆயிரம் பங்கு நீரில் ஏறத்தாழ 35 பங்கு உப்பும், 25 பாகை செல்சியஸ் அளவான வெப்பமும் வேண்டும். கணவாயின் குருதி நீலமாதற்குச் செம்பே காரணம். ஆயினும் நீரிற் கரைந்த செம்பு அதற்கு நஞ்சு. ஆதலின் செம்பு கலந்த மீன்மருந்துகளை அத்தொட்டியில் ஒருபோதும் இடலாகாது. மை பரவின், உடனே நீரின் ஒரு பகுதியை மாற்றி, வடிகட்டியிற் கரி இடுதல் வேண்டும்.

இரையே வளர்ப்போரைப் பெரிதும் வருத்துவது. அரிசிமணி அளவில் பிறக்கும் குஞ்சு, அசைவதையன்றி உண்ணாது. கூனி போன்ற நுண்ணிய இறாலினங்களை உயிருடன், நாள்தோறும், பன்முறை அளித்தல் வேண்டும். அவை தடையின்றிக் கிடையாத ஊரினர் இம்முயற்சியில் இறங்காதிருத்தலே அறம். சில வாரங்கள் கழிந்தபின், இறந்த இறாலைக் கோல்நுனியிற் செருகி நீரில் அசைத்துக் காட்டின், மெல்ல மெல்ல அதனையும் ஏற்கப் பழகும். சிறு மீன்களைக் கணவாய் உண்ணும். பெரு மீன்கள் கணவாயைக் கடிக்கும். ஆகவே அதற்குத் தனித் தொட்டியே தக்கது. விளக்கைத் திடீரென ஏற்றுதலும் கண்ணாடியைத் தட்டுதலும் கூடா. அஞ்சிய கணவாய் பின்னோக்கிப் பாய்ந்து சுவரில் மோதும். அவ்வாறு உடலின் பின்முனையில் உண்டாகும் புண் எளிதில் ஆறாது.

இவ்வளவும் செய்தபின்னும் எய்துவது ஓராண்டு வாழ்வே. இரையளிப்பாரைக் கண்டு தொட்டியின் முன்புறம் வந்து காத்திருக்கும் அவ்வுயிர், முட்டையிட்டுச் சின்னாளில் மெலியும், குறிதவறாது பாய்ந்த கைகள் இரையைத் தவறவிடும், பின்னர் இறந்துபடும். இது வளர்ப்பின் குறையன்று, அதன் இயற்கை. இதனை முன்னரே உணர்ந்து, ஓராண்டுக் காலம் ஒரு நாளும் சோர்வுறாது பேண வல்லாரே கணவாய் வளர்த்தற்கு உரியர். அல்லாதார் அதனைக் கடலிலேயே விட்டுவைப்பது நலம்.