மின்சாரக் காரில் பணம் மிச்சமாகுமா?

"பெட்ரோல் காருக்குச் செலவு அதிகம். மின்சாரக் காருக்குச் செலவே இல்லை."

இப்படிப் பலர் சொல்கிறார்கள். செலவு குறைவு என்பது உண்மை. செலவே இல்லை என்பது உண்மை அல்ல.

சென்னையில் ஒரு குடும்பம். மாதம் 1,000 கிலோ மீட்டர் கார் ஓடுகிறது. இரண்டு கார்களுக்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலையும் கட்டணமும் 2024-ம் ஆண்டில் இருந்தவை.

பெட்ரோல் கணக்கு

அந்த ஆண்டில் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டி இருந்தது. 100 ரூபாய் என்றே வைத்துக் கொள்வோம்.

நகர நெரிசலில் சின்னக் கார் லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் ஓடும். 1,000 கிலோ மீட்டருக்கு 67 லிட்டர் வேண்டும்.

மாதச் செலவு 6,700 ரூபாய்!

மின்சாரக் கணக்கு

மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் சுமார் 6 கிலோ மீட்டர் ஓடும். பாட்டரியில் ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும். அதையும் சேர்த்தால் மாதம் 190 யூனிட். மின்சார பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. ஆகவே பில்லில் 380 யூனிட் கூடும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். வீட்டில் ஏற்கனவே 500 யூனிட் செலவானால், காருக்கு வேண்டியது அதற்கு மேல் போய் உட்காரும். மேலே போகப் போகக் கட்டணம் ஏறும்.

2024 ஜூலைக் கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட் 8 ரூபாய் 55 காசு. 800 வரை 9 ரூபாய் 65 காசு. அதற்கு மேல் 1,000 வரை 10 ரூபாய் 70 காசு.

இது போதாது என்று இன்னொன்றும் உண்டு. 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு இரண்டாவது 100 யூனிட்டில் சலுகை. தாண்டினால் அது போச்சு!

எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 3,900 ரூபாய். மாதத்துக்கு 2,000 ரூபாய்க்குள்.

அப்படியும் மாதம் 4,700 ரூபாய் மிச்சம்.

ஏன் இந்த வித்தியாசம்?

ஓடி நின்ற பெட்ரோல் காரின் முன்மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை சுடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலில் பெரும் பகுதி இப்படி வெப்பமாகத்தான் போகிறது. சக்கரத்தைச் சுற்றுவது கால் பங்கு, அல்லது அதற்குச் சற்று அதிகம்.

மின்சார மோட்டாரில் இந்த நஷ்டம் மிகக் குறைவு. வேகத்தைக் குறைக்கும்போது கொஞ்சம் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பியும் வருகிறது.

மின்சாரக் கார் புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தை முதலில் தாண்டிய கார் மின்சாரக் கார்தான். அது நடந்தது 1899-ம் ஆண்டில்!

யாருக்கு லாபம்?

மின்சாரக் காரின் விலை அதிகம். 3 லட்சம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக் கொள்வோம். மாதம் 4,700 மிச்சமானால் அந்தப் பணம் திரும்பி வர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். தினமும் வெகுதூரம் போகிறவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம்.

கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் காரை எடுக்கிறவர்கள் என்ன செய்வது? மாதம் 300 கிலோ மீட்டர்தான் ஓடும். மிச்சம் 1,400 ரூபாய் கூட வராது. 3 லட்சத்தை எடுக்க பதினெட்டு வருஷம்! பாட்டரிக்குப் பல கம்பெனிகள் கொடுக்கும் உத்தரவாதமே எட்டு வருஷம்தான்.

மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கார் நிற்கும் இடத்தில் பிளக் இல்லையென்றால் வெளியே போய்த்தான் ஏற்ற வேண்டும். அங்கே யூனிட்டுக்கு 20 ரூபாய் வாங்கும் இடங்களும் உண்டு. அப்போது கிலோ மீட்டருக்கு 3 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். பெட்ரோலுக்கு ஆகிற 6 ரூபாய் 70 காசில் அது பாதி.