நயனதாராவும் கஷாயச் சட்டியும்

கல்கத்தாவின் பழைய வீடுகளில், மாடி வராந்தாத் தொட்டிகளில் யாரும் நீர் வார்க்காவிட்டாலும் பூத்துக்கொண்டிருக்கும் நயனதாரா, தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்று வழங்கும் அதே செடிதான். பூவைச் சுவாமிக்குச் சாத்தி, இலையைச் சர்க்கரை வியாதிக்குக் கஷாயம் வைத்துவந்த காலம் போய், புற்றுநோயைக் கரைக்கும் சஞ்சீவியாகவே அதைக் கொண்டாடுகிற காலம் இப்போது வந்திருக்கிறது.

கொண்டாட்டம் ஆதாரமற்றதன்று. 1944-இல் இந்தியப் பல்கலைக்கழகமொன்றில் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்ற முதற் பெண்மணியான அஸிமா சட்டர்ஜி, இந்நகரத்திலேயே, இச்செடியின் ஆல்கலாய்டுகளைச் சிரத்தையோடு ஆராய்ந்தவர். ஆயினும் புற்றுநோயை ஒடுக்கும் சக்தி வெளிப்பட்டது கனடாவில், அதுவும் தற்செயலாக. சர்க்கரை வியாதிக்கு நல்லதென்று ஜமைக்காவிலிருந்து வந்த இலையின் சாரத்தை எலிகளுக்குச் செலுத்தியபோது, சர்க்கரை இறங்கவில்லை. ரத்தத்தின் வெள்ளணுக்கள் இறங்கின. தொற்றுக் கண்டு எலிகள் மாண்டன. எலியைக் கொன்ற அந்தக் குணத்தையே பற்றிக்கொண்டு ஆராய்ந்துசென்ற ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அதே செடியிலிருந்து பின்வந்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் பிரதான மருந்துகளில் ஒன்று. திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் இச்செடி பயிராவதும் இதனால்தான்; மூட்டை மூட்டையாக இலை போனால் மருந்து கிராம் கணக்கில் கிடைக்கும்.

என்னைக் கலங்கவைப்பது கஷாயச் சட்டி. செல் இரண்டாகப் பிரிகையில் குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகள் உருவாகாமல் தடுப்பதே இவ்வால்கலாய்டுகளின் தொழில். அவ்விழைகள் நரம்புகளிலும் எலும்பு மஜ்ஜையிலும் உண்டாகையால், அளவு மீறினால் கால்விரல் மரத்துப்போகும், குடல் அசையாது நின்றுவிடும், வெள்ளணுக்கள் வற்றும். பக்குவமறிந்து கொடுத்தால் கெடுதியில்லை என்பார்கள் பரம்பரை வைத்தியர்கள், இருக்கலாம். ஆனால் பத்திரிகைத் துணுக்கைப் படித்துவிட்டுத் தொட்டியிலிருந்து கைப்பிடி இலை கிள்ளுகிறவருக்கு எந்த வைத்தியர் பக்குவம் சொன்னார்? மார்பிலே கட்டி தென்பட்ட பெண்மணி, கத்திக்குப் பயந்து, மூன்று மாதம் இலைச்சாறு பருகிப் பார்க்கலாமென்று வீட்டிலிருந்துவிட்டால், கட்டி அந்த மூன்று மாதமும் காத்திருக்குமா? சிகிச்சைக்குப் போனவர்களிலும் கஷாயத்தை டாக்டரிடம் மறைக்கிறவர்கள் உண்டு. திட்டுவாரோ என்ற பயம்.

அந்த டாக்டரோ, நோயாளியின் உயரத்தையும் எடையையும் கொண்டு உடற்பரப்பைக் கணக்கிட்டு, பெரியவர்களுக்கு வின்கிறிஸ்டின் ஒரு தடவைக்குச் சாதாரணமாக 2 மில்லிகிராமைத் தாண்டாதபடி அளந்து, சிரை வழியே ஏற்றுகிறார். மறுவேளை மருந்துக்கு முன் கால்விரல் மரக்கிறதா, மலம் கழிகிறதா என்று விசாரித்து, வேண்டுமானால் அளவைக் குறைக்கிறார். சட்டியில் கொதிக்கிற இலையில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறதென்று அவரிடம் கேட்டால் அவராலும் சொல்ல முடியாது.