‘கிரீஸே வேண்டாம்’ என்று விற்கும் புஷ்: வாங்குமுன் பில் கேளுங்கள்

மலைப்பாதையிலும் சேற்றிலும் பைக் ஓட்டுகிறவர்களிடம், பேரிங்குக்குப் பதிலாக மாட்டும் பிளாஸ்டிக் உருளை வளையமான பாலிமர் புஷ், “மாட்டினால் மறந்துவிடலாம்” என்று சொல்லி விற்கப்படுகிறது. மாட்டலாம். மறக்கக் கூடாது.

பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், அதை ஷாக் அப்சார்பருடன் சேர்க்கும் மோனோ ஷாக் லிங்கேஜ் ஆகியவற்றின் இணைப்புகளில் பெரும்பாலும் ஊசி பேரிங்தான் இருக்கும். அது முழுச்சுற்று சுற்றுவதில்லை. சில டிகிரி மட்டும் முன்னும் பின்னும் அசைகிறது. அதனால் உருளைகள் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும். வாட்டர் சர்வீஸில் கிரீஸ் கரைந்துபோனால் துருவும் ஏறும். பாலிமர் புஷ்ஷில் துரு இல்லை. தரமானது என்றால் நல்ல மாற்றுதான்.

எந்தப் பாலிமர் என்பதில்தான் சிக்கல். சாதாரண நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பி, அச்சை இறுகப் பிடித்துக்கொள்ளும். அசிட்டால் மிகக் குறைவாகவே உறிஞ்சும். சூட்டில் பிளாஸ்டிக் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும் என்பதால் இடைவெளி அளவாக இருக்க வேண்டும். துருவேறிய பழைய அச்சில் மாட்டினால் புதுப் புஷ்ஷை அது அரம்போல அராவிவிடும். உலர்வாக இயங்கும் ரகத்தில் கிரீஸ் தடவினால் மண் ஒட்டித் தேய்மானம் கூடும்.

மலையேறும் முன் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஸ்விங் ஆர்ம் முனையைப் பிடித்து இடவலமாக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஓட்டாதீர்கள். வளைவில் வண்டியின் பின்பக்கம் அலையும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிகம். பில்லில் புஷ்ஷின் பொருள், எந்த மாடலுக்கானது, வாரண்டி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல் வாரண்டியைப் பின்னால் நிரூபிப்பது கடினம்.

குறையுள்ள பொருளால் காயம் ஏற்பட்டால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். சரியான எச்சரிக்கை தராததும் அதற்குக் காரணமாகும். ஆனால் பொருளை மாற்றியமைத்திருந்தால் விற்பனையாளர் மீதான வழக்கு நிற்காமல் போகலாம். வாரண்டி உள்ள பைக்கில் கை வைக்குமுன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேய்ந்த புஷ்ஷைத் தூக்கி எறிய விடாதீர்கள், அதுதான் சாட்சி. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமில்லை. சிக்கல் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிடுங்கள்.