எருமை நாக்கும் கட்டுமரமும்

மலைமேல் வாழும் நமக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று தோழியர் சிலர் கேட்கலாம். நமது ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திலிருந்து கூடையில் வரும் மீனே நாம் அன்றாடம் காணும் கடல். நாம் ஏறும் படகும் ஏரியில் மிதக்கும் படகுதான். துறைமுகமே இல்லாத வெறும் மணற்கரையிலிருந்து மீனவர்கள் எவ்வாறு கடலில் இறங்குகிறார்கள்? எங்கு நோக்கினும் ஒரே நீர்ப்பரப்பாகத் தோன்றும் இடத்தில் மீன் இருக்கும் இடத்தை எவ்வாறு கண்டுகொள்கிறார்கள்? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் படித்தும், கடற்கரை ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் தோழியரிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே விளக்க முயல்கிறோம்.

தமிழ்ப் பெயர் பெற்ற மீன்

மணலில் படுத்து வாழும் தட்டை மீன்களுள் பெரியது ஹாலிபட். அட்லாண்டிக் பெருங்கடலின் வடபகுதியில் வாழும் ஹாலிபட், 2 மீட்டருக்கு மேல் நீளமும் 200 கிலோவுக்கு மேல் எடையும் அடையக்கூடியது. நம் கடலில் அதற்கு ஒரு சிறிய உறவு மீன் உண்டு. அதை ஆங்கிலத்தில் இந்திய ஹாலிபட் என்பார்கள். நம் மீனவர் அதற்கு இட்ட பெயர் எருமை நாக்கு! அகன்று தடித்துக் கருநிறமாக இருக்கும் அதன் உருவத்தைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் விளங்கும்.

தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார், அங்குக் கிடைத்த மீன்களைப் பெர்லின் நகரத்து அறிஞர் பிளாக் என்பவருக்கு அனுப்பி வந்தார். பிளாக் மறைந்தபின், அவர் தொடங்கிய நூலை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801இல் வெளியிட்டார். அதில் இம்மீனுக்கு ‘எருமெய்’ என்றே பெயர் சூட்டப்பட்டது. இன்றும் உலக விஞ்ஞானிகள் இதனைச் ‘செட்டோடஸ் எருமெய்’ என்றே அழைக்கிறார்கள். நம் மீனவர் வாய்மொழி உலக அறிவியலில் ஏறியிருப்பது நமக்குப் பெருமை அல்லவா?

இம்மீன் குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண்ணுடன் நீந்தும். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து தலையின் உச்சியை அடையும். பிறகு கண்ணுள்ள பக்கம் மேலே இருக்குமாறு மணலில் படுத்துவிடும். உடலை அசைத்து மணலை மேலே தூவிக்கொண்டு, கண்களை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும். சிறு மீன் அருகில் வந்தால் பாய்ந்து கவ்வும்.

ஆகவே இதைத் தேடுபவர் நீரை மட்டும் பார்த்தால் போதாது. அடித்தரையை அறிய வேண்டும். 100 மீட்டருக்குக் குறைவான ஆழத்தில், மணலும் சேறும் உள்ள தரையே இதன் இருப்பிடம். மீனவர் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்ப்பார்கள். இரு கைகளையும் அகல விரித்த நீளம் ஒரு பாகம், அதாவது ஏறக்குறைய 6 அடி. குண்டு ‘ணங்’கென்று தட்டினால் அடியில் பாறை; மெத்தென்று அமிழ்ந்தால் சேறு என்று கை சொல்லிவிடும். கடலடிப் பாறைத்திட்டைப் ‘பார்’ என்பர். சிறு மீன்கள் பாரைச் சுற்றித் திரியுமாதலால், பார் முடிந்து மணல் தொடங்கும் ஓரங்கள் தட்டை மீன் காத்திருக்க ஏற்றவை.

நிலத்தைப் பார்த்துக் கடலை அறிதல்

ஒருமுறை நல்ல இடம் கிடைத்தது. மறுநாள் அதே இடத்துக்குச் செல்வது எப்படி? கடலில் மைல்கல் நட முடியாது. அதனால் மீனவர் கரையையே மைல்கல்லாக்கிக் கொண்டார்கள்.

கரையோரத்தில் ஒரு தென்னை நிற்கிறது. அதற்குப் பின்னால் வெகுதொலைவில் ஒரு கோபுரம் தெரிகிறது. படகிலிருந்து பார்க்கையில் தென்னை கோபுரத்தை நேராக மறைத்தால், நாம் ஒரு குறிப்பிட்ட நேர்க்கோட்டின் மேல் இருக்கிறோம் என்று பொருள். வடக்கே நகர்ந்தாலும் தெற்கே நகர்ந்தாலும் இரண்டும் விலகித் தெரியும். இதேபோல வேறு திசையில் மற்றோர் இணையைக் கண்டால் இரண்டாவது கோடு கிடைக்கும். இரு நேர்க்கோடுகள் ஒரே புள்ளியில்தான் வெட்டும் என்பது நமது வடிவகணிதப் பாடம். அந்தப் புள்ளியே மீன் இடம்!

தோழியரே, இதைச் சோதித்துப் பார்க்கக் கடல் வேண்டாம். மைதானத்தில் நின்று, ஒரு சில்வர் ஓக் மரம் தொலைவிலுள்ள கோயில் கோபுரத்தை மறைக்கும்படி பாருங்கள். பக்கவாட்டில் மற்றோர் இணையையும் தேடுங்கள். காலடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுச் சென்று, மறுநாள் குறிகளை மட்டும் கொண்டு திரும்பி வாருங்கள். கல் அங்கேயே இருக்கும். இன்று பலர் செயற்கைக்கோள் வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவியை வைத்திருக்கிறார்கள். ஆனால் மின்கலம் தீர்ந்தாலும் கோபுரம் தீராது.

அலையில் ஒரு வாசல்

வடதுருவப் பகுதியில் வாழும் இன்யூட் மக்கள் தோலால் போர்த்திய கயாக் என்னும் சிறு படகில் மீன் பிடித்தார்கள். நம் சோழமண்டலக் கரைக்கு ஏற்றது கட்டுமரம். எடை குறைந்த மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது அது. அலை மேலே விழுந்தாலும் நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். மூழ்குவதற்கு அதில் உட்குழிவே இல்லை. 1697இல் வெளியான டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமியின் பயண நூலிலேயே இச்சொல் இடம்பெற்றுவிட்டது. இன்று ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலெல்லாம் ‘கேட்டமரான்’ என வழங்குகிறது.

இறங்கும் இடத்தைத் தேர்வதில்தான் மீனவரின் கண் தெரிகிறது. அலை தன் உயரத்தைவிடச் சற்றே அதிகமான ஆழத்துக்கு வந்ததும் உடையும். ஆகவே வெண்ணுரை எழும் இடம் மணல்மேடு. இருபுறமும் நுரை இருக்க நடுவில் அமைதியாகத் தோன்றும் இடம் ஆழமான வாய்க்கால். கரையில் மோதிய நீர் அவ்வழியே கடலுக்குத் திரும்பும். படகுக்கு அதுவே வாசல். பின்னிரவில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் புறப்பட்டு, பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துத் திரும்புவது பழைய வழக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுற்றுலா செல்லும் நம்மைப் போன்றவர்கள் ‘அலையே இல்லை’ என்று நம்பி இறங்குவதும் அதே இடத்தில்தான்! படகை வெளியே கொண்டுசெல்லும் அந்நீரோட்டம் மனிதரையும் இழுத்துச் செல்லும். அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பின்பே கரை திரும்ப வேண்டும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்தாலும் ஓர் உயிர் தப்பும்.

கரை தேய்ந்தால்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகிக் கட்டுமரங்கள் அருகிவிட்டன. ஆனால் ஃபைபர் படகையும் இழுத்து ஏற்ற மணல் வேண்டும். அந்த மணலுக்குத்தான் இன்று ஆபத்து.

நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே துறைமுகச் சுவர் எழுந்தால் தெற்கில் மணல் சேரும். வடக்கில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் பக்கம் கடல் புகுந்ததும் இதனாலேயே. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினால் வீடுகள் பிழைக்கும். ஆனால் கற்குவியலின்மேல் எந்தப் படகை இறக்குவது? தரங்கம்பாடியில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் ஆலயத்தின் ஒரு பகுதியையே கடல் கொண்டுவிட்டது.

கடலடித் தரைக்கும் இழுவை வலையால் கேடு உண்டு. அது தரையை வாரிச் செல்வதால் தட்டை மீன்களும் அவற்றின் குஞ்சுகளும் அகப்படுகின்றன. ஆகவேதான் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல் தொலைவைச் சிறு படகுகளுக்கு ஒதுக்கியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலமும் உண்டு.

நம் மலையின் பங்கு

இனி முதல் கேள்விக்கு வருவோம். கடலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு? சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலை அடைகிறது. அங்கிருந்து தரங்கம்பாடி ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். நம் மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் சிதைந்து மணலாகி, ஆற்றோடு சென்று அக்கரைக்குச் சேர வேண்டியது. அணைகளில் தேங்கியும், ஆற்றிலேயே அள்ளப்பட்டும் அம்மணல் குறைந்துவிட்டது. மணல் போகும் பாதையில் இப்போது நாம் எறியும் பிளாஸ்டிக் பைகளும் நகரக் கழிவும் போகின்றன.

அணையை நாம் திறக்க முடியாது. துறைமுகச் சுவரை நகர்த்தவும் முடியாது. நம் ஓடையில் குப்பை விழாமல் காப்பது நம்மால் முடியும். எருமை நாக்கு படுத்துறங்கும் மணலின் ஒரு பிடி நம் மலையிலிருந்து சென்றது என்பதை, தோழியரே, ஓடையைக் கடக்கும்போதெல்லாம் நினைவில் கொள்வோமாக!