‘வேர்டன்’ என்னும் ஜேர்மன் வினை

மாத்தளை நகருக்கு வடக்கேயுள்ள அலுவிகாரை, கி. மு. முதலாம் நூற்றாண்டிலே பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடமென்பது மரபு. அத்திரிபிடகத்துள் அடங்கிய புத்தரின் முதலுபதேசம் ‘தம்மசக்கப் பவத்தனம்’ எனப்படும். அறவாழியை உருட்டுதல் என்பது அதன் பொருள். ‘பவத்தனம்’ வடமொழியிற் ‘பிரவர்த்தனம்’ ஆகும். அதன் அடியாகிய ‘விருத்’ என்பது சுழலுதலையும் திரும்புதலையும் குறிக்கும். தொலைவிலுள்ள ஜேர்மன் மொழியின் ‘வேர்டன்’ என்னும் வினையும் இவ்வடிக்கு உறவினதே. திருப்புதலை உணர்த்தும் ‘வெர்த்தெரே’ என்னும் இலத்தீன் வினையும் இக்குடும்பத்ததே.

‘வேர்டன்’ என்பதன் முதற்பொருள் ‘ஆதல்’. திரும்புதல் ஆதலாய் மாறியது எங்ஙனம்? தமிழிலுள்ள ‘திரி’ என்னும் வினை இதனை விளக்கும். காட்டில் திரிந்தான் என்புழிச் சுற்றுதலும், பால் திரிந்தது என்புழி நிலைமாறுதலும் பொருளாயின. ஒரு நிலையினின்று திரும்பிய பொருள் பிறிதொன்றாகின்றது என்க.

இவ்வினை மூன்று தொழில் புரியும். பெயரோ பண்புச்சொல்லோ சார்ந்து வரின் அது தனிவினை: ‘ஏர் விர்ட் லேரர்’ – அவன் ஆசிரியன் ஆகிறான். வேறொரு வினையின் எச்சவடிவம் இறுதியில் வரின் எதிர்காலத் துணைவினை: ‘ஏர் விர்ட் கொம்மன்’ – அவன் வருவான். இறந்தகால எச்சம் வரின் செயப்பாட்டுத் துணைவினை: ‘ஏர் விர்ட் கெரூஃபன்’ – அவன் அழைக்கப்படுகிறான். ஆகவே ‘விர்ட்’ என்பதைக் கண்டவுடன் பொருள் துணியலாகாது. வாக்கியத்தின் இறுதிச் சொல்லை நோக்கியே துணிதல் வேண்டும். எல்லாவிடத்தும் ‘ஆகு’ எனப் பெயர்க்கும் மாணவன் பிழைபடுவான்.

எதிர்கால வடிவம் ஊகத்தையும் உணர்த்தும். ‘இந்நேரம் அவன் வீட்டில் இருப்பான்’ என்று நாம் கூறுவதும் அத்தகையதே. இதன் இறந்தகால எச்சம், தனிவினையாயின் ‘கெவோர்டன்’ எனவும், செயப்பாட்டுத் துணையாயின் முன்னொட்டு நீங்கி ‘வோர்டன்’ எனவும் நிற்கும். இரண்டும் ‘இரு’ என்னும் பொருளுடைய ‘ஸைன்’ என்ற துணையையே கொள்ளும்.

வியப்பு ஒன்றுண்டு. ‘விருத்’ அடியாகப் பிறந்த ‘வர்த்தமானம்’ வடமொழியிலே நிகழ்காலத்தின் பெயர். அதன் உறவாகிய ‘வேர்டன்’ ஜேர்மனிலே எதிர்காலத்தின் குறி. வர்த்தமானம் தமிழிற் புகுந்து செய்தி என்னும் பொருளும் பெற்றது. இலங்கை அரசாங்கம் வெளியிடும் ‘வர்த்தமானி’ அச்சொல்லின் வழியதே. அறவாழி, ஆதல், காலம், செய்தி எனப் பொருள்கள் பலவாகப் பிரிந்தும், அவற்றினடியில் நிற்பது திரும்புதல் என்னும் ஒரே கருத்தாம். சொல்லின் வேரை அறிந்தவனுக்கு அயல்மொழியும் முற்றும் அயலன்று.